லக்னத்தில் கேது, ஏழில் ராகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையின் ஜாதகக் கட்டத்தில் லக்னமாகிய முதல் வீட்டில் 'கே', ஏழாம் வீட்டில் 'ரா' என்று பார்த்ததும் பெற்றோர் முகம் வாடுவதைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். என் ஜாதகமும் இதே அமைப்புதான். கட்டத்தைக் கையில் எடுத்த ஒருவர், "இதற்குக் கல்யாண பாக்கியம் இல்லை" என்று என் வீட்டாரிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஒரு வரி வீட்டில் எத்தனை வருஷம் தங்கியது என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

ராகு, கேது என்பவை என்ன? வானத்தில் பார்க்க முடியுமா?

முடியாது. நவகிரகங்களில் மற்ற ஏழும் கண்ணுக்குத் தெரியும். இவை இரண்டும் வெறும் புள்ளிகள். சூரியன் வானத்தில் செல்லும் பாதைக்குச் சந்திரனின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். சந்திரன் வடக்கே ஏறும்போது கடக்கும் இடம் ராகு, தெற்கே இறங்கும்போது கடக்கும் இடம் கேது. இரண்டும் எப்போதும் நேர் எதிரெதிரே, 180 டிகிரியில் இருக்கும். ஏழில் ராகு என்று சொன்னாலே லக்னத்தில் கேது இருப்பதும் சேர்ந்துவிடுகிறது.

அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நேர்ந்தால் கிரகணம். நிலவைப் பாம்பு விழுங்கும் உவமை சங்கப் பாடல்களிலேயே உண்டு. நிழலால்தான் கிரகணம் என்று 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரியபட்டரும் எழுதிவைத்தார். நம் மரபு இரண்டையும் விட்டுவிடவில்லை. கணக்குக்கு ஒன்று, பொருளுக்கு மற்றொன்று என்று வைத்துக்கொண்டது.

பலன் சொல்ல உதவுவது அமுதம் கடைந்த கதைதான். தேவர் வரிசையில் ஒளிந்து உட்கார்ந்து அமுதம் குடித்த அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, திருமாலின் சக்கரம் அவனை இரண்டாக வெட்டியது. தலை ராகு, உடல் கேது. தலைக்கு வயிறு இல்லை, எவ்வளவு தின்றாலும் நிறையாது. உடலுக்குக் கண் இல்லை, எதைக் காட்டினாலும் ஆசை எழாது. ராகு நிற்கும் வீட்டில் தீராத பசி, கேது நிற்கும் வீட்டில் ஒட்டாத தன்மை. இந்த ஒரு படத்தை மனதில் பிடித்துக்கொண்டால் பாதி ஜோதிடம் புரிந்த மாதிரி.

ராகு நிற்கும் ராசி முக்கியமா, வீடு முக்கியமா?

தனி மனிதருக்கு வீடுதான். ராகு ஒரு ராசியில் சுமார் ஒன்றரை வருஷம் இருக்கும். பன்னிரண்டையும் பின்னோக்கிச் சுற்றி முடிக்க 18.6 வருஷம். ஆக, ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு ராகு ஒரே ராசியில் இருக்கும். லக்னமோ, அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியோ, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. உதாரணமாக, திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மே 18 அன்று ராகு கும்பத்துக்கும் கேது சிம்மத்துக்கும் வந்தன. அதற்கு அடுத்த ஒன்றரை வருஷத்தில், நாளுக்கு இரண்டு மணி நேரம் போல, சிம்ம லக்னத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பக்கம் பேசும் அமைப்புதான். அத்தனை பேருக்கும் ஒரே வாழ்க்கையா வந்துவிடும்?

லக்னத்தில் கேது இருப்பவர் எப்படி இருப்பார்?

லக்னம் என்பது 'நான்'. உடல், முகம், ஒரு இடத்துக்குள் நுழையும்போது நாம் எப்படித் தெரிகிறோம் என்பது எல்லாம் அதில் அடக்கம். அங்கே கண்ணில்லாத கேது உட்கார்ந்தால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி கொஞ்சம் மங்கிவிடுகிறது.

இவர்களிடம் நான் அதிகம் கண்டது ஒரு விஷயம். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் வராது. அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்வார்கள், தனக்கு என்று வந்தால் "எதுவானாலும் சரி" என்பார்கள். இதைப் பணிவு என்று சுற்றியிருப்பவர் பாராட்டுவார்கள். உள்ளே இருப்பது பணிவு மட்டும் அல்ல, தன் விருப்பம் தனக்கே தெளிவில்லாத ஒரு திகைப்பு. புகைப்படத்தில் ஓரமாக நிற்பது, தன் வேலைக்குத் தன் பெயரைப் போடத் தயங்குவது, கூட்டத்தின் நடுவிலும் விருந்தாளி போல இருப்பது எல்லாம் இதன் முகங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. கேது ஞானகாரகன். லக்னத்தில் கேது உள்ளவர் சும்மா பார்த்த பார்வையிலேயே எதிரில் இருப்பவரின் மனநிலையைப் பிடித்துவிடுவார். புகழுக்கு எளிதில் மயங்கமாட்டார். ஒரு துறையில் ஆழமாக இறங்கினால் மற்றவர் வருஷக்கணக்கில் கற்பதை ஏற்கெனவே தெரிந்தது போலச் செய்வார். கேது நிற்கும் இடம் பல பிறவிகளில் பழகித் தேர்ந்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தனியாக நின்று சமாளிப்பது இவர்களுக்குப் பழகிப்போனது. துணையோடு நிற்பதுதான் புதுப்பாடம்.

அப்படியானால் ஏழில் ராகு?

அந்தப் புதுப்பாடம் அங்கேதான் இருக்கிறது. ஏழாம் இடம் களத்திர ஸ்தானம். கணவன் மனைவி மட்டும் அல்ல, கூட்டாளி, வாடிக்கையாளர், எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுபவர் எல்லோரும் அந்த வீட்டுக்காரர்கள்தான். அங்கே நிறையாத பசி. 'நான்' மங்கலாகவும் 'நீ' பெரிதாகவும் தெரியும்.

நடைமுறையில் இது துணையை உள்ளபடி பார்க்காமல் மிகைப்படுத்திப் பார்ப்பதாக வெளிப்படும். முதலில் தெய்வம் மாதிரி, கொஞ்ச நாள் கழித்து ஏமாற்றுக்காரர் மாதிரி. இரண்டுமே அந்த மனிதர் அல்ல. ராகு என்றாலே புகை. புகைக்குள் உருவம் பெரிதாகத்தான் தெரியும். நன்கு வேறுபட்ட சூழலில் இருந்து வரும் துணை மேல் ஈர்ப்பு வரும் என்பதும் மரபு சொல்வது: வேறு மொழி, வேறு நாடு, வயதில் பெரிய இடைவெளி, வீட்டாருக்குப் பழக்கமில்லாத தொழில். என் அனுபவத்தில் இந்த ஒரு பலன் மற்றவற்றைவிட அதிகமாகப் பொருந்தி வந்திருக்கிறது. இதைக் கெடுதலாக ஏன் படிக்கவேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

திருமணம் நடக்காது, நடந்தாலும் முறிந்துவிடும் என்கிறார்களே?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராகு பன்னிரண்டு வீடுகளில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 1, 2, 7, 8 ஆகிய நான்கில் இருந்தால் சர்ப்ப தோஷம் என்பது பலர் கையாளும் விதி. பன்னிரண்டில் நான்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு. உலகத்தில் தோராயமாக மூன்றில் ஒருவர் இந்தத் தோஷத்தோடு பிறக்கிறார். சந்திரனிலிருந்தும் எண்ணினால் இன்னும் கூடும். அத்தனை பேரும் திருமணம் ஆகாமலோ பிரிந்தோ இருக்கிறார்களா? உங்கள் குடும்பத்தில் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளின் கட்டங்களை எடுத்துப் பாருங்கள். இந்தத் தோஷம் சிலவற்றிலாவது தென்படும்.

ஏழில் ராகுவுக்குப் பழைய சுலோகங்களில் கடுமையான வரிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு வரி மற்ற எட்டுக் கிரகங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு கிரகம் ஒரு வீட்டில் நிற்பதற்கு மட்டும் சொல்லப்பட்டது. அதை அப்படியே எடுத்து ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே படிப்பதைப் பெரிய தவறு என்றே நினைக்கிறேன். தாமதம் வரலாம், அது பல ஜாதகங்களில் தெரிகிறது. அந்தத் தாமதத்துக்குப் பாதிக் காரணம் கிரகம் என்றால், மீதிப் பாதி அந்த வரியைக் கேட்டுப் பயந்த வீடுகள்.

பிறகு எதை வைத்துத்தான் பலன் சொல்வது?

வீடு கொடுத்தவனை வைத்து. ராகுவுக்கும் கேதுவுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட சொந்த வீடு கிடையாது. எந்த வீட்டில் குடியிருக்கிறதோ அந்த வீட்டுக்காரனின் குணத்தை வாங்கிக்கொள்ளும். கூடச் சேர்ந்த கிரகத்தின் குணத்தையும், தன்னைப் பார்க்கும் கிரகத்தின் குணத்தையும் வாங்கும். ஆக, ராகுவைப் பார்த்த கண் உடனே ஏழாம் அதிபதியிடம் போகவேண்டும்.

மேஷ லக்னத்தை எடுத்துக்கொள்வோம். கேது மேஷத்தில், ராகு துலாத்தில். துலாத்துக்கு உரியவர் சுக்கிரன். ஒருவருக்குச் சுக்கிரன் ரிஷபத்தில், அதாவது இரண்டில் ஆட்சியாக, தன் சொந்த வீட்டில் இருக்கிறார். இன்னொருவருக்குக் கன்னியில், ஆறாம் வீட்டில் நீசமாக, பலம் இழந்து இருக்கிறார். கட்டத்தில் ராகு கேது அச்சு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல. முதலாமவருக்குத் துணை வந்தபின் குடும்பமும் வருமானமும் பெருகுவதைப் பார்க்கலாம். இரண்டாமவருக்கு வாக்குவாதம், கடன், வழக்கு என்று ஆறாம் வீட்டுச் சங்கதிகள் உறவுக்குள் நுழையப் பார்க்கும். அங்கே கவனம் தேவை.

அடுத்தது சாரம், அதாவது நின்ற நட்சத்திரம். அதே துலாத்தில் ராகு சித்திரையில் நின்றால் செவ்வாயின் சாரம். மேஷத்துக்கு அவரே லக்னாதிபதி, அதனால் துணையைத் தேடும் வேகத்தில் தன்முனைப்பும் கலந்திருக்கும். சுவாதி என்றால் ராகுவின் சொந்த நட்சத்திரம், பசி கலப்படம் இல்லாமல் வெளிப்படும். விசாகம் என்றால் குருவின் சாரம், அங்கே ஒரு நிதானம் வந்துவிடும்.

அப்புறம் குருவின் பார்வை. லக்னத்திலோ மூன்றிலோ பதினொன்றிலோ குரு இருந்தால் அவர் பார்வை ஏழாம் வீட்டில் விழும். புகையைக் கலைக்கும் காற்று மாதிரி அது. இதை எல்லாம் பார்க்காமல் 'ஏழில் ராகு' என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர் ஜாதகம் பார்க்கவில்லை, கட்டம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

தோஷ ஜாதகத்துக்குத் தோஷ ஜாதகம்தான் சேர்க்கவேண்டுமா?

ஒரு பக்கம் ராகு கேது இருந்தால் மறுபக்கமும் இருக்கவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அதில் ஓரளவு நியாயம் உண்டு: ஒரே மாதிரி பாடம் படிக்கும் இருவர் ஒருவரையொருவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ஆனால் அதைக் கட்டாயமாக்க நான் உடன்படமாட்டேன். இருவருக்கும் ஏழில் ராகு என்றால் இருவரும் "நீ சொல், நீ சொல்" என்று காத்திருப்பார்கள், முடிவு எடுக்க ஆள் இருக்காது. லக்னாதிபதி பலமான, தன் மனதை வெளிப்படையாகச் சொல்லும் ஒருவர் பல நேரம் இதைவிட நல்ல துணை. இரண்டு ஜாதகங்களிலும் ஏழாம் அதிபதி, சுக்கிரன், நடக்கப்போகும் தசை (ஒரு கிரகம் ஆளும் காலம்) மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

இந்த அமைப்பு எந்த வயதில் வேலை செய்யும்?

தசையும், அதன் உட்பிரிவான புக்தியும் வரும்போது. விம்சோத்தரி என்னும் தசைக் கணக்கில் ராகு தசை 18 வருஷம், கேது தசை 7 வருஷம். பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய கிரகத்தின் தசைதான் முதலில் நடக்கும். திருவாதிரை, சுவாதி, சதயத்தில் பிறந்தவர்கள் ராகு தசையிலேயே பிறக்கிறார்கள். திருமண வயது வருவதற்குள் அது முடிந்துவிடும். பூசத்தில் பிறந்தவருக்கு ராகு தசை தொடங்கவே 67-லிருந்து 86 வயதுக்குள் ஆகும். அவருக்கு ஏழில் ராகு இருந்து, அதற்காக 25 வயதில் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா? மகத்தில் பிறந்தவருக்கு 43-க்கும் 50-க்கும் நடுவில் தொடங்கும்.

தசை வராவிட்டாலும் புக்தி வரும். சுக்கிர தசையில் ராகு புக்தி 3 வருஷம், கேது புக்தி 1 வருஷம் 2 மாதம். இந்த அமைப்பு உள்ளவர்களுக்குச் சுக்கிர தசை ராகு புக்தியில் திருமணம் கூடிவருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். தடுப்பான் என்று பயந்தவனே கொடுத்துவிட்டுப் போவான். "ராகுவைப் போல் கொடுப்பாரும் இல்லை, கேதுவைப் போல் கெடுப்பாரும் இல்லை" என்று ஜோதிடர்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் முதல் பாதியை ஏழாம் வீட்டுக்கு யாரும் நினைவுபடுத்துவதில்லை.

தசையைத் தவிர இன்னொரு காலமும் உண்டு. 18.6 வருஷச் சுற்றின்படி, சுமார் 18-19, 37, 56 வயதில் ராகு பிறந்த இடத்துக்கே திரும்புகிறது. இந்த அமைப்பு உள்ளவர்கள் அந்த வயதுகளில் உறவுகளைப் பற்றிப் பெரிய முடிவுகள் எடுப்பதைப் பார்க்கலாம்.

ஒரு பஞ்சாங்கத்தில் ஏழில் ராகு, இன்னொன்றில் எட்டில். எது சரி?

பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியத்துக்கும், வானில் காண்பதற்கு ஏற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே வரும் வித்தியாசம் இது. 2025-இல் ராகு கும்பத்துக்கு மாறியது வாக்கியப்படி ஏப்ரல் 26, திருக்கணிதப்படி மே 18. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் சிம்ம லக்னத்தில் பிறந்த குழந்தைக்கு வாக்கியத்தில் ஏழில் ராகு, திருக்கணிதத்தில் எட்டில் ராகு. நான் திருக்கணிதத்தையே பின்பற்றுகிறேன். வானத்தில் கிரகணம் நடக்கும் நேரத்தோடு ஒத்துப்போவது அதுதான்.

ராசிக்கட்டம் ஒன்று சொல்ல, லக்ன டிகிரியை வீட்டின் நடுவாக வைத்துப் பிரிக்கும் பாவக்கட்டம் வேறு சொல்வதும் உண்டு. லக்னம் ராசியின் 28-ஆம் டிகிரியில் விழுந்து, ராகு ஏழாம் ராசியில் 2-ஆம் டிகிரியில் இருந்தால், பாவத்தில் அது ஆறாம் வீட்டுக்குப் போய்விடும். ஆறில் ராகு பொதுவாக நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பிறந்த நேரத்தில் பத்து நிமிஷம் முன்பின் இருந்தால்கூட இங்கே கதை மாறலாம் என்பதால், நேரத்தைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

மேற்கத்திய ஜோதிடத்தில் 'நார்த் நோட்' என்பதும் ராகுவும் ஒன்றா?

புள்ளி ஒன்றேதான். ஆனால் அவர்கள் ராசிகளைத் தொடங்கும் இடமும் நாம் தொடங்கும் இடமும் சுமார் 24 டிகிரி வேறுபடும், அதனால் பெரும்பாலோருக்கு ராசியின் பெயர் மாறிவிடும். அவர்கள் நார்த் நோடை இந்தப் பிறவியில் வளரவேண்டிய திசையாகவும், எதிர்ப் புள்ளியைப் பழக்கத்தில் ஊறிய இடமாகவும் படிக்கிறார்கள். தோஷம் என்ற பேச்சே அங்கு இல்லை. அந்தப் பார்வையில் ஏழில் ராகு என்றால், தனியாகவே சமாளித்துப் பழகியவர் பகிர்ந்து வாழக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். நம் மரபின் கேது விளக்கத்தோடு இது அழகாகப் பொருந்துகிறது என்பதால், நான் பலன் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்வேன்.

கூட்டு வியாபாரம் செய்யலாமா?

செய்யலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர், புதுத் தொழில்நுட்பம், விளம்பரம் போன்றவற்றில் இந்த ராகு நன்றாகவே உழைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: வாய்ப்பேச்சு போதாது, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். கூட்டாளியின் பேச்சில் சீக்கிரம் மயங்குவது இந்த அமைப்பின் பலவீனம்.

மாறி இருந்தால்? லக்னத்தில் ராகு, ஏழில் கேது?

படத்தைத் திருப்பிப் போடுங்கள். 'நான்' பெரிதாகி 'நீ' மங்கும். துணை பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

பரிகாரம் என்ன?

வழிபாடு உங்கள் நம்பிக்கை சார்ந்தது. மனம் அமைதியாகும் என்றால் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பயத்தைக் கிளப்பிவிட்டு, அதைப் போக்கப் பெரிய தொகை கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஏழில் ராகுவுக்கு நான் சொல்வது, அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காமல் இருப்பது. ஒருவரைப் பிடித்துப்போனால் சில மாதங்கள் சாதாரண நாட்களில், சலிப்பான வேலைகளின் நடுவில் அவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புகை கலைய நேரம் வேண்டும். லக்னக் கேதுவுக்கு, தினமும் ஒரு சின்ன விஷயத்திலாவது "எனக்கு இது வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்வது. எனக்கு அது வர நாற்பது வயது தாண்டியது.

என் குழந்தைக்கு இந்த அமைப்பு. இப்போதே ஏதாவது செய்யவேண்டுமா?

முதலில், குழந்தையின் காதுபட 'தோஷம்' என்ற சொல்லைப் பேசாதீர்கள். லக்னத்தில் கேது உள்ள குழந்தை தன்னைப் பற்றி மற்றவர் சொல்வதை அப்படியே தன் முகமாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, சட்டை வாங்கும்போது, விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தக் கதை சொல்வது என்று கேட்கும்போது எல்லாம் "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். "எதுனாலும் சரி" என்றுதான் பதில் வரும். நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாமல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.